ஆறில் இரண்டு

மூக்கைக் கிளாசுக்குள் விடுவதற்கு முன் அத்தை ஒரு நொடி கண்ணை மூடுவாள். அந்த ஒரு நொடியில் உலகத்திலுள்ள பூக்கடைகளும் சாக்கடைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும். பூமியில் இதுவரை பிறந்த மூக்குகளிலேயே பெரிய மூக்கு இதுதான். நீளத்தில் இல்லை, நீதியில். போலீஸ் மோப்ப நாய்கள் வேலையில் சேரும் முன் இவளிடம் வந்து ஆசி வாங்கிக்கொண்டு போக வேண்டும். நாலு தெரு தள்ளி எவனாவது பொய் சொன்னால் அந்த வாடைகூட இவளுக்கு எட்டிவிடும் என்று பீர் ஆலையில் ஒரு பேச்சு உண்டு.

கண்ணைத் திறந்ததும் கிளாசை இரண்டு சுற்றுச் சுற்றுவாள். உள்ளங்கையால் அதன் வாயைப் பொத்தி, விட்டு, முகர்வாள். அடுத்த கிளாசுக்குப் போகும் முன் தன் முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து இரண்டு மூச்சு இழுப்பாள். சிலேட்டை எச்சில் தொட்டு அழிக்கிற மாதிரி. "என் வாசனையை நானே மோந்துட்டா முன்னாடி மோந்ததெல்லாம் அழிஞ்சிடும்" என்பாள். இதற்காக வாசனை சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது, தலையில் பூ கிடையாது. பத்தொன்பது வருஷமாக வெறும் மனுஷி வாசனையோடு நடமாடுகிறாள்.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. சுவர் வெள்ளை, விளக்கு மட்டும் சிவப்பு. பீரின் நிறத்தைப் பார்த்துக் கண் முந்திரிக்கொட்டை மாதிரி தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. காலை பத்து மணிக்கு மூன்று கிளாஸ் வரும். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு பீர். வேறு எது என்று சொல்ல வேண்டும். எல்லாரும் துப்பிவிடுவார்கள் என்று நினைப்போம். அத்தை ஒரு வாய் விழுங்குவாள். "கசப்பு தொண்டைக்குக் கீழ போனாத்தான் வாயத் திறக்கும்." அந்த ஒரு வாயோடு சரி. வீட்டில் வெந்நீர்தான்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"கறுப்பு பீர்ல போதை ஜாஸ்தியா மேடம்?"

"ரொட்டியத் தீய விட்டா ரொட்டிக்கு பலம் கூடுமா? அது வறுத்த பார்லியோட நிறம் தம்பி. காப்பி மாதிரி கசக்கும், அவ்வளவுதான். கறுப்பா இருக்கறவன்லாம் ரவுடின்னு சொல்ற மாதிரி இருக்கு உங்க பேச்சு."

பிறகு அவளுக்குப் பிடித்த பாடம். எல்லா பீருக்கும் சாமான் நாலுதான்: தண்ணீர், முளைவிட்டுக் காய்ந்த பார்லி, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ, ஈஸ்ட். பார்லியை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுத்து, பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆற்றி, ஈஸ்ட்டிடம் ஒப்படைப்பார்கள். அதுவரை மனுஷன் வேலை. அதற்குப் பிறகு நடப்பதை அத்தை குடும்பக் கதை மாதிரி சொல்வாள்.

"ஏல் ஈஸ்ட் மேல மிதந்துகிட்டுக் கூத்தடிக்கும். சூடு கேக்கும். அஞ்சாறு நாள்ல வேலைய முடிச்சு, பழ வாசனையப் பரப்பிட்டுப் போயிடும். லாகர் ஈஸ்ட் அடியில உட்கார்ந்து குளிர்ல வேலை பாக்கும். வாரக்கணக்கா ஆகும், ஆனா தான் இருந்த தடயமே விடாது. கோதுமை பீரோட ஈஸ்ட் இருக்கு பாருங்க, அது வாயாடி. ஒரு வாழைப்பழம் போட்டிருக்க மாட்டோம், குலையே தொங்கவிட்ட மாதிரி மணக்கும். ஒரு கிராம்பு போட்டிருக்க மாட்டோம், பல்வலிக்காரன் வாய் மாதிரி இருக்கும்."

மனிதர்களையும் இப்படித்தான் வகை பிரிப்பாள். மேனேஜர் லாகர், ஒரு வார்த்தை தெளிந்து வர ஆறு வாரம். தன் அண்ணன் ஏல். மேலேயே மிதக்கிற ஆள். அண்ணன் மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். அவளைப் பற்றி, "பாட்டில்ல அடைச்ச பிறகும் பொங்கற கேஸ், தூரமா நின்னு திறக்கணும்." பதினொன்றாம் வகுப்பை இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு வீட்டில் இருக்கும் அந்தப் பதினேழு வயது வாலுதான் இதை எழுதுகிறது. எழுத்துப் பிழைகளைத் திருத்தியது வேறு ஆள்.

அண்ணனும் அதே ஆலைதான். தொட்டிகள் அவர் பொறுப்பு. இருபத்தாறு வருஷமாக எந்தத் தொட்டிக்கு எந்த ஈஸ்ட் என்று முடிவு செய்து ஊற்றுகிற கை அவருடையது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தங்கை இந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். மூன்று பேர், இரண்டு அறை, ஒரு மேசை. அந்த மேசையில்தான் அது முதலில் தெரிந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் அண்ணன் ஒரு ஜோக் சொன்னார். சிரித்தார்கள். கை கழுவும்போது அதையே சொன்னார். பாயை விரிக்கும்போதும் சொன்னார். "அப்பா ரீலை மாத்துப்பா, படம் தேய்ஞ்சுடுச்சு" என்று வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அவர் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பியபோது வாலுவும் சிரிக்கவில்லை.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் நாலாம் தொட்டி.

நாலாம் தொட்டியில் லாகர். ஐந்தாம் நாள் ஒரு கிளாஸ் பிடித்து அத்தை தனியாக முகர்ந்து பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அன்றும் கண்ணை மூடினாள், சுற்றினாள், முகர்ந்தாள். முழங்கை மடிப்பில் மூக்கைப் புதைத்தாள். மறுபடி முகர்ந்தாள். மூன்றாம் முறை முழங்கையை விட்டு முகத்தை எடுக்கவே மனம் வரவில்லை. கிளாசில் வாழைப்பழம்.

ஈஸ்ட் அறையில் கேன்கள் எல்லாம் ஒரே எவர்சில்வர், ஒரே உயரம். லாகருக்கு நீலப் பட்டை ஒட்டியிருக்கும், கோதுமைக்கு மஞ்சள். வேறு வித்தியாசம் கிடையாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் இரண்டும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். மஞ்சள் கேன் லாகர் தொட்டிக்குள் போயிருக்கிறது. குளிரில் அது வேலை செய்ய மறுத்திருக்கிறது. நுரை வரக் காணோமே என்று தொட்டியின் சூட்டைக் கொஞ்சம் ஏற்றிவிட்டிருக்கிறார் அண்ணன். வாயாடிக்கு மைக் கொடுத்த கதை.

அத்தை நோட்டை மூடிவைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போனாள். அண்ணன் ஏணியில் நின்று வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நாலாம் தொட்டிக்கு எந்த கேன் ஊத்தின?"

"நீலம்."

"யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? லாகர்னா நீலம். இருபத்தாறு வருஷமா நீலம். புதுசா வந்த பொண்ணு மாதிரி கேக்கறியே!"

அத்தை நகராமல் நின்றாள். அவர் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். வால்வைப் பார்த்தார், கீழே நின்ற தங்கையைப் பார்த்தார். குரல் தணிந்தது.

"நாலாம் தொட்டிக்கு இன்னும் ஊத்தவே இல்லையேம்மா. சாயங்காலம்தானே?"

அத்தை திரும்பி அறைக்கு வந்தாள். சிவப்பு விளக்கின் கீழே நோட்டைத் திறந்து 'சுத்தம்' என்று எழுதினாள். ஐந்து நாள் முன்னால் செய்ததை மறந்த கை இன்னும் கொஞ்ச நாள் அந்த ஏணியில் இருக்கட்டும் என்று நினைத்தாள். தொட்டிகளைப் பார்க்க முடியாத ஒரு வீட்டில் அவரை உட்காரவைத்தால் மிச்சமிருப்பதும் வேகமாகப் போய்விடும் என்று பயந்தாள். எப்படியும் மூன்று வாரத்தில் வெளிப்படும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் அந்த மூக்கு எழுதிய முதல் பொய் அது.

மூன்று வாரம் கழித்து, பாட்டிலில் அடைக்கும் முன் ஆறு பேர் உட்கார்ந்து குடித்துப் பார்த்தார்கள். ஜலதோஷம் பிடித்த ஸ்டோர்க்காரர்கூட நிமிர்ந்து, "என்ன சார், பழக்கடை வச்சுட்டீங்களா?" என்றார். அத்தை கடைசியாக, "எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றாள்.

மேனேஜர் ஐந்தாம் நாள் நோட்டைப் புரட்டினார். 'சுத்தம்' என்று இருந்தது. அவர் மூளை அங்கிருந்து நேர்கோட்டில் நடந்தது. ஐந்தாம் நாள் மேடத்தின் மூக்கில் சுத்தம் என்றால் ஈஸ்ட்டில் தப்பில்லை. அப்படியென்றால் பிறகு வந்த வாசனை. பிறகு நடந்தது ஒன்றே ஒன்றுதான்: பீரைக் குழாய் வழியாகக் குளிர்த் தொட்டிக்கு மாற்றியது. அதற்கு முன் அதே குழாயில் கோதுமை பீர் ஓடியிருக்கிறது. ஆகவே குழாயைச் சரியாகக் கழுவவில்லை.

குழாய்களைக் கழுவுவது ஓர் அக்கா. பதினோரு வருஷமாகக் காஸ்டிக் சோடா கலந்த காரத்தண்ணீரில் ஊறி அவள் விரல் நுனிகளில் ரேகையே இல்லை. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். அண்ணனைக் காப்பாற்ற எழுதிய ஒரு வார்த்தை வேறு ஒருத்தி தலையில் போய் இறங்கும் என்று அத்தைக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

அன்று மத்தியானம் அந்த அக்கா முகரும் அறைக்கு வந்தாள். குழாயின் ஒரு முனையைக் கையில் ஏந்திப் பிடித்திருந்தாள். மிச்சம் நடைவழி முழுக்க வளைந்து கிடந்தது.

"மேடம், நீங்களே மோந்து பாருங்க. நேத்து கழுவினது. அன்னிக்கும் இப்படித்தான் கழுவினேன்."

அத்தை குனிந்து முகர்ந்தாள். ரப்பர், தண்ணீர். வேறு எதுவும் இல்லை.

"சுத்தமா இருக்கும்மா."

"அத அவர்கிட்ட சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா கேப்பாரு." அவளிடம் கோபம் ஏதும் இல்லை, குழம்பித்தான் போயிருந்தாள். "தொட்டியும் சுத்தம்னு எழுதியிருக்கீங்களாம். குழாயும் சுத்தம்னா, வாழைப்பழம் எங்கேர்ந்து மேடம் வந்துச்சு?"

அத்தைக்குப் பதில் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. "திங்கக்கிழமை வழக்கம் போல வா" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் மேனேஜர் அறைக்கதவைத் தட்டினாள்.

"சார், என் மூக்கு போயிடுச்சு."

மேனேஜர் அவள் மூக்கைப் பார்த்தார். இருந்த இடத்தில்தான் இருந்தது.

"ரெண்டு மாசமா ஒரு வாசனையும் தெரியல. சளி புடிச்சுது. அது போகும்போது மூக்கையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அன்னிக்கு வாழைப்பழம்னு சொன்னீங்களே?"

"அஞ்சு பேர் சொன்னாங்க. ஆறாவதா நானும் தலையாட்டினேன்."

லாகர் மனிதர் கொஞ்ச நேரம் அடியில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு லேப் பெண்ணைக் கூப்பிட்டு மூன்று கிளாஸ் சோதனை வைக்கச் சொன்னார். ஒரு முறை போதாது, ஆறு முறை.

ஆலையில் அத்தையின் திறமையைப் பற்றி நூறு கதை உண்டு. அவள் செய்ததிலேயே பெரிய வித்தை அன்று நடந்தது. அதை யாரும் கதையாகச் சொல்லப் போவதில்லை. ஆறு முறையும் எது வேறு என்று கிளாஸ் வந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆறையும் தப்பாகச் சொன்னால் மாட்டிக்கொள்வாள். மூக்கே இல்லாதவன்கூடக் குருட்டாம்போக்கில் மூன்றுக்கு ஒன்று சரியாகச் சொல்லிவிடுவான். அத்தனையும் தப்பென்றால் தெரிந்தே தப்புச் சொல்கிறாள் என்று லேப் பெண்ணுக்குச் சந்தேகம் வரும். ஆகவே ஆறில் இரண்டைச் சரியாகச் சொன்னாள். இரண்டாவதும் ஐந்தாவதும். நாலாவது சுற்றில் வந்த பழைய பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தது. ஜென்மத்துக்கும் அவளுக்கு ஆகாத வாடை. அதை நிதானமாக விழுங்கி, "இது நல்லாத்தான் இருக்கு" என்று அடுத்த கிளாசை நகர்த்தினாள்.

மேனேஜர் தாளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"அப்ப அந்த அஞ்சாம் நாள் நோட்டுக்கு அர்த்தமே இல்ல."

"இல்ல சார்."

"குழாயா, ஈஸ்ட்டா, என்ன கண்றாவின்னு யாராலும் சொல்ல முடியாது."

"முடியாது சார். அந்த அம்மாவ மட்டும் தண்டிக்கறது நியாயமில்ல."

"உங்களை நான் என்ன பண்றது மேடம்?"

"மூக்கு இல்லாட்டி என்ன, கை ரெண்டும் இருக்குல்ல. ஈஸ்ட் ரூம்ல போடுங்க. கேன் எடுத்துக் குடுக்கறேன்."

திங்கட்கிழமை குழாயக்கா வேலைக்கு வந்தாள். நாலாம் தொட்டி பீரைக் குளிர்த் தொட்டியிலிருந்து சாக்கடையில் திறந்துவிட்டார்கள். அன்று முழுக்க ஆலையைச் சுற்றி வாழைப்பழம் மணத்தது. காவலாளியிலிருந்து லாரி டிரைவர் வரைக்கும் மூக்கைச் சுளித்தார்கள். அந்த மணத்தின் நடுவே ஒன்றும் தெரியாத முகத்தோடு நடந்து போனவள் ஒருத்திதான்.

இப்போது அவள் வேலை இது. அண்ணன் ஏணியில் ஏறியதும் கீழிருந்து கேனைத் தூக்கிக் கொடுக்கிறாள். கொடுக்கும்போது, "நீலம்" என்று உரக்கச் சொல்கிறாள். "எனக்குத் தெரியாதா? ஏலம் போடாதே" என்று அவர் சிடுசிடுக்கிறார். அடுத்த கேன் வருகிறது. "மஞ்சள்." பத்து மணி ஆனதும் ஜன்னலில்லாத அறையின் கதவு மூடும் சத்தம் கேட்கும். அப்போது மட்டும் அவள் கை கேனின் பிடியில் கொஞ்சம் இறுகும்.

வீட்டில் வாலு இதை நம்பவில்லை. உலகப் பெரிய மூக்கு ஒரு சளிக்கா சாயும்? சோதனைகள் தொடங்கின. தலையணை உறைக்குள் மலிவு சென்ட்டை அரை பாட்டில் கொட்டினாள். அத்தை அதன்மேல் தலைவைத்துக் குறட்டை விட்டாள். பால் தீய்ந்து வீடு புகைந்தது. அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கடியில் மூன்று நாள் வாழைப்பழத் தோல் கிடந்தது. கொசு வந்ததே தவிர அத்தையிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அதோடு வாலு நம்பிவிட்டாள். தோலை எடுத்துக் குப்பையில் போட்டாள். தலையணை உறையைத் துவைத்தாள். அன்றிலிருந்து அத்தைக்கு மூக்காக இருப்பது என்று முடிவு செய்துகொண்டாள். "அத்தை, அடுப்புல தீயுது." "அத்தை, மழை வரப்போகுது, மண் வாசனை." "அத்தை, பக்கத்து வீட்ல பெயின்ட் அடிக்கறாங்க." ஒவ்வொன்றுக்கும் அத்தை கையிலிருக்கும் வேலையை நிறுத்தி, முதல் தடவை கேட்கிறவள் மாதிரி, "அப்படியா?" என்பாள்.

போன வியாழக்கிழமை அண்ணனுக்கு விடுமுறை. செருப்பு வாங்கிவரப் போகிறோம் என்று சொல்லி வாலு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். களைத்துப்போயிருந்த அவர் உள்ளே போய்ப் படுத்தார். அத்தை முன்னறையில் காய்ந்த துணிகளைக் குவித்துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தாண்டிப் போகையில் கை ஒரு முறை நின்று மறுபடி மடித்தது.

"செருப்பு கிடைச்சுதா?"

"சைஸ் இல்லையாம் அத்தை."

"அப்படியா." இரண்டு துண்டுகள் மடிந்தன. "செருப்புக் கடையில எப்பலேர்ந்துடீ ரத்தம் எடுக்கறாங்க?"

"என்ன அத்தை?"

"உங்கப்பா மேல ஸ்பிரிட் வாசனை. உன் மேல ஆஸ்பத்திரி பினாயில். நடுவுல எங்கயோ நின்னு ரெண்டு பேரும் ஆரஞ்சு மிட்டாய் தின்னிருக்கீங்க."

வாலு தன் சட்டையை முகர்ந்து பார்த்தாள். "அத்தை… உனக்குத்தான் மூக்கு…"

"மெதுவாப் பேசு. அப்பா காதுல விழும்."

அத்தை உள்ளங்கையை நீட்டினாள். நீட்டிய கை இறங்கவில்லை. வாலு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து அதில் வைத்தாள். அடுத்த வாரம் தலையை ஸ்கேன் எடுக்கச் சம்மதம் கேட்கும் தாள். மறதி எவ்வளவு நாளாக என்ற இடத்தில் 'ஒரு வருடம்' என்று கோணல் எழுத்து. பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் 'தங்கை' என்று போட்டு, அதன் கீழே அத்தையின் கையெழுத்து. பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகளில் வருஷக்கணக்காகப் பழகிய கை போட்டது.

"அத்தை வெளிய வண்டியில உட்கார்ந்திருக்கான்னு சொல்லி வாங்கிட்டு வந்து…" வாலு முடிக்கவில்லை. "உன்கிட்ட சொன்னா அப்பாவ விட மாட்டன்னு நெனச்சேன்."

அத்தை தாளை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை படித்தாள். உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. அண்ணன் யாரிடமோ அந்தப் பழைய ஜோக்கைச் சொல்லத் தொடங்கினார்.

அத்தை பேனாவை எடுத்தாள். மடித்த துணிக் குவியலின் மேல் தாளை வைத்துச் சமமாக்கி, அந்தத் திருட்டுக் கையெழுத்தைக் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தன் கையெழுத்தைப் போட்டாள்.